முட்டைக்குப் பின்னால் மறையும் மீன்

2019ல் சிங்கப்பூர் தனக்கு ஓர் இலக்கை வைத்துக்கொண்டது. 2030க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே உற்பத்தி செய்யும் திறன் வேண்டும் என்பது அது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், அரசாங்கம் அந்த இலக்கைக் கைவிட்டது. மாற்றாக 2035க்கு வேறு கணக்கு வந்தது. நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு உள்ளூரில் விளைய வேண்டும். நார்ச்சத்து என்றால் கீரை, காய், தவுகே, காளான். புரதம் என்றால் முட்டையும் கடலுணவும்.

எட்டாத இலக்கை ஒப்புக்கொண்டு மாற்றியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேர்மையான காரியம்தான். முட்டையையும் மீனையும் ஒரே தலைப்புக்குக் கீழ் சேர்த்ததுதான் உறுத்துகிறது.

2024ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். நாம் சாப்பிட்ட முட்டையில் 34.4 விழுக்காடு உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்து வந்தது. கடலுணவில் உள்ளூர்ப் பங்கு வெறும் 6.1. முந்தைய ஆண்டு அது 7.3ஆக இருந்தது. ஓராண்டுக்குள் உள்ளூர்க் கடலுணவு உற்பத்தி சுமார் 4,100 டன்னிலிருந்து 3,500 டன்னுக்கு இறங்கியது. நூற்றுக்கு நெருக்கமாக இருந்த கடற்பண்ணைகளில் ஏறக்குறைய கால்பங்கு காணாமல் போயின. ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. இரண்டையும் கூட்டிப் புரதம் என்று பெயர் வைத்தால் 26 விழுக்காடு என்ற கௌரவமான எண் கிடைக்கிறது. 26க்கும் 30க்கும் இடையே அதிக தூரம் இல்லை. முட்டைப் பண்ணைகள் இன்னும் ஓரளவு பெருகினாலே 2035 இலக்கை எட்டிவிடலாம். அதற்குள் உள்ளூர் மீன் ஒன்றுகூட இல்லாமல் போயிருந்தாலும் இலக்கு நிறைவேறியதாகவே ஏட்டில் இருக்கும்.

கோழிக்கொட்டகைக்குக் கூரை போடலாம், காற்றைக் குளிரூட்டலாம், நோய் வராமல் கதவைச் சாத்தலாம். கடலுக்கு அப்படிச் சாத்தக் கதவு இல்லை. இந்த இரண்டு தொழில்களுக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லை, ஊட்டச்சத்து அட்டவணையில் இடம்பெறும் அந்த ஒரு சொல்லைத் தவிர.

தோ பாயோ லோரோங் 8ல் உள்ள 210ஆம் புளோக் ஈரச்சந்தைக்குக் காலை ஏழு மணிக்குப் போனால், தேசிய மீன் கணக்கு பனிக்கட்டிமேல் பரப்பிக் கிடக்கும். (திங்கட்கிழமை போகாதீர்கள். மீன் கடைகள் பலவற்றுக்கு அன்று விடுப்பு.) முன்வரிசையில் மஞ்சள் கோடு ஓடிய இக்கான் குனிங், அதன் பக்கத்தில் கெம்போங், பிறகு செலார். நாசி லெமாக்குக்கும் சம்பாலுக்கும் போகிற சாமானிய மீன்கள் இவை. அடுத்து துண்டு போடக் காத்திருக்கும் தெங்கிரி. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் அதை வஞ்சிரம் என்று கேட்பார்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த பாட்டிகள் தெங்கிரி என்பார்கள், கடைக்காரச் சீனப் பெரியவர் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுக் கத்தியை எடுப்பார். குரோவ் மீன் இருந்தால் அது தனி மரியாதையோடு ஓரமாக இருக்கும், விலையும் அப்படியே. இக்கான் மேராவின் தலைகள் தனியே. திருக்கையின் சிறகு தனியே. கடைசியில் நோர்வேயிலிருந்து விமானத்தில் வந்த சால்மன், ஊரார் எல்லாரையும் போலச் சாதாரணமாகப் படுத்திருக்கும்.

"இது எங்கிருந்து வருகிறது?" என்று ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்டால் பதில்கள் சுருக்கமாக வரும். மலேசியா. இந்தோனேசியா. மலேசியா. வியட்நாம். மீண்டும் மலேசியா. செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுவதில் இருக்கிற ஆர்வம் ஊரைச் சொல்வதில் இருக்காது. அதற்குக் காரணம் உண்டு. வாங்குகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. 'உள்ளூர் மீன் இருக்கிறதா?' என்று கேட்டால் கொடுவாயைக் காட்டலாம், இருந்தால். பெரும்பாலும் அதுவும் ஜொகூர்ப் பண்ணைக் கொடுவாயாகத்தான் இருக்கும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், விலை மட்டும் இருக்காது.

இந்த ஊர் தன் மீனைத் தானே பிடித்த காலம் என்று ஒன்று இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. கேலோங்குகள் என்னும் மரக்கால் மீன்பொறிகள் கடலோரம் எங்கும் நின்றன, பொங்கோல் பக்கம் காங்கார் கிராமத்தில் தியோச்சூ மீனவர்கள் விடியற்காலையில் ஏலம் போட்டார்கள், ஓராங் லாவுட் மக்கள் படகிலேயே வாழ்ந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் 1930களில் சிங்கப்பூர் தின்ற பச்சை மீனில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர்கள், அதிலும் பெரும்பாலோர் ஒக்கினாவாத் தீவினர். தோரா எய்ஃபுகு என்ற முதலாளியின் தைச்சோங் கொங்சியின்கீழ் அவர்கள் பவளப்பாறைகளைச் சுற்றி வலைகட்டி, கடலில் குதித்து மீனை விரட்டிப் பிடித்தார்கள். 1937ல் சீன ஜப்பானியப் போர் மூண்டு, இங்குள்ள சீன வணிகர்கள் ஜப்பானியச் சரக்கைப் புறக்கணித்தபோது, மீனும் அரசியலானது. இந்தத் தீவுக்கு மீன் என்றுமே அடுத்தவர் கையில்தான் இருந்தது. அந்த அடுத்தவர் யார் என்பதுதான் மாறிக்கொண்டிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கம் செய்த புத்திசாலித்தனம், பிடிப்பதை விட்டுவிட்டு இறக்குவதில் கவனம் வைத்தது. 1969ல் ஜூரோங் மீன்பிடித் துறைமுகம் திறந்தது. 1984ல் பொங்கோல் துறைமுகம் வந்ததும் காங்கார் சந்தை மூடியது. 1997ல் பொங்கோலுக்குப் பதிலாக சினோக்கோ. பெயரில் மீன்பிடி இருந்தாலும் இவை உண்மையில் நள்ளிரவு மொத்தச் சந்தைகள். துவாஸ் வழியாகவும் உட்லண்ட்ஸ் வழியாகவும் மலேசிய லாரிகள் வரும், இந்தோனேசியாவிலிருந்து படகுகள் வரும், விமானப் பெட்டிகள் வரும். ஊர் உறங்கும் நேரத்தில், ரப்பர் பூட்ஸ் போட்ட வியாபாரிகள் ஈரத் தரையில் நின்று விலை பேசி முடித்துவிடுவார்கள். தோ பாயோ கடைக்காரர் அங்கே வாங்கிவந்து பனிக்கட்டி போட்டு அடுக்கும்போது மணி ஐந்தைத் தாண்டியிருக்காது.

அந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பது 2021 ஜூலையில் வெளிச்சத்துக்கு வந்தது. ஜூரோங் துறைமுகத்தில் கொவிட் தொற்று பரவி, அங்கிருந்து தீவெங்கும் உள்ள ஈரச்சந்தைகளுக்குப் போனது. அந்தக் குழுமத்தில் தொற்றியோர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. ஜூலை 17 முதல் மாத இறுதி வரை துறைமுகத்தை மூடினார்கள். மீன்கடைக்காரர்கள் எல்லாருக்கும் பரிசோதனை. பல சந்தைகளில் மீன் வரிசை முழுக்கத் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. நாட்டுக்குள் மீன் இல்லாமல் போகவில்லை, பேரங்காடிகளின் உறைபெட்டிகளில் இருந்தது. ஆனால் ஈரச்சந்தையை நம்பியிருந்த வயதானவர்களுக்கு அந்த இரண்டு வாரம் மீன் இல்லாத வாரங்கள்தான். தோ பாயோ போன்ற பழைய பேட்டைகளில் அவர்கள் கணிசமானவர்கள்.

அப்போது வடக்கே சினோக்கோ என்ற இரண்டாவது துறைமுகம் இருந்தது. 2024 மார்ச்சில் அதையும் மூடி, எல்லாவற்றையும் ஜூரோங்கில் ஒன்றாக்கினார்கள். செலவு மிச்சம், நிலம் மிச்சம், மேற்பார்வை எளிது. நிர்வாகக் காரணங்கள் எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் 2021 கற்றுக்கொடுத்ததற்கு நேர் எதிரான திசையில் மூன்றே ஆண்டுகளில் நடந்திருக்கிறோம் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரிசிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. இறக்குமதியாளர்கள் தங்கள் மாத இறக்குமதியைப்போல் இரண்டு மடங்கைக் கிடங்கில் இருப்பு வைத்தாக வேண்டும். பச்சை மீனை அப்படிக் கிடங்கில் வைக்க முடியாது. வைக்க முடியாத பொருளுக்கு வழிகள்தான் இருப்பு. ஒரு வழி அடைந்தால் இன்னொன்று திறந்திருக்க வேண்டும்.

சரி, உள்ளூர்ப் பண்ணைகள் ஏன் தேயவேண்டும்? இடமில்லை என்பது உடனே வரும் பதில். அது முழுப் பதிலல்ல. பண்ணைகளில் பெரும்பாலானவை இருக்கும் ஜொகூர் நீரிணையின் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

1924ல் உட்லண்ட்ஸ் கடற்பாலம் கட்டி முடிந்தது. தூண்கள்மேல் நிற்கும் பாலம் அல்ல அது. கருங்கல்லைக் கொட்டிக் கொட்டிக் கடலின் குறுக்கே எழுப்பிய கரை. அன்றிலிருந்து நீரிணை இரண்டாக வெட்டுண்டு கிடக்கிறது. கிழக்கே நுழையும் கடல்நீர் மேற்கே வெளியேற முடியாது, வந்த வழியே திரும்ப வேண்டும். இரு கரையிலும் ஊர்கள், தொழிற்சாலைகள், ஜொகூர் ஆறுகள் அடித்துவரும் உரமும் சாக்கடையும், போதாக்குறைக்குப் பண்ணைகளே கொட்டும் மிச்சத் தீனியும் மீன் கழிவும். ஆழம் குறைவு, ஓட்டம் குறைவு, சத்து அதிகம். நுண்பாசிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆண்டின் தொடக்க மாதங்களில் மழை ஓய்ந்து வெயில் காயும். அட்டமியை ஒட்டி ஓதம் தணிந்திருக்கும் நாள்களில் தண்ணீர் அசையாமல் நிற்கும். நுண்பாசி திடீரெனப் பெருகி நிறம் மாறும். பகலில் அது பிராணவாயுவை வெளியிடும், இரவில் அதுவே மூச்சுவிட்டு நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். சில வகைப் பாசிகள் நஞ்சையும் கக்கும். கடலில் சுற்றித் திரியும் மீன் விலகி ஓடிவிடும். கூண்டுமீன் எங்கே ஓடும்? விடியற்காலையில் வெள்ளை வயிறு காட்டி மிதக்கும். 2014 பிப்ரவரியில் 39 பண்ணைகளில் 160 டன் மீன் இப்படிச் செத்தது. அடுத்த ஆண்டு அதே பருவத்தில் 77 பண்ணைகளில் ஏறக்குறைய 600 டன். ஒன்றரை ஆண்டு தீனி போட்டு வளர்த்த மீனைச் சாக்கில் அள்ளிப்போடும் வேலை அது. 2017 ஜனவரியில் பாசியல்ல, எண்ணெய். பாசிர் கூடாங் அருகே இரண்டு கப்பல்கள் மோதி 300 டன் எண்ணெய் கொட்டியது. புலாவ் உபின் பக்கப் பண்ணைகளின் வலை கறுத்துப் போனது.

இந்தப் பண்ணைகளை நடத்துபவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்ல. நீல நிற உருளைகள்மேல் பலகை அடித்த மிதவை, நடுவே தகரக் கூரை, ஒரு மின்னாக்கி, காவலுக்கு இரண்டு நாய், இரண்டு மூன்று வெளிநாட்டு ஊழியர்கள். உரிமையாளர் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள். இவர் ஓய்வுபெற்றால் மிதவையை இழுத்துப்போக ஆள் இல்லை.

பெரிய முதலீட்டோடு வந்தவர்களும் தப்பவில்லை. தெற்குத் தீவுகளை ஒட்டிக் கொடுவா வளர்த்த பாரமுண்டி குழுமம், செதில் உதிர வைக்கும் ஒரு கிருமியால் தொடர்ந்து அடிவாங்கி, இங்குள்ள கடற்பண்ணைகளை நிறுத்திவைத்தது. லிம் சூ காங்கில் எட்டு மாடியில் மீன் வளர்க்கப் புறப்பட்ட அப்போலோ நிறுவனம் கடனில் சிக்கியது. 2019ல் உபின் அருகே மிதந்த 'ஈக்கோ ஆர்க்' நல்ல யோசனை. கடல்நீரைச் சுத்தப்படுத்தித் தொட்டிக்குள் எடுத்து, வெளியே பாசி பூத்தாலும் உள்ளே மீன் பிழைக்கும்படி செய்தார்கள். ஆனால் தண்ணீரைச் சுத்தப்படுத்த மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குச் சிங்கப்பூர் விலை. அந்த விலையை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வரும் கொடுவா, ஜொகூர்க் கொடுவாயின் பக்கத்தில் படுக்க வேண்டும்.

தொழில்நுட்பத்துக்காக அரசாங்கம் பணம் கொடுக்காமல் இல்லை. 2021ல் அறிவித்த வேளாண் உணவுத் துறை உருமாற்ற நிதி மட்டும் 6 கோடி வெள்ளி. செயிண்ட் ஜான்ஸ் தீவில் 2003 முதல் கடல்மீன் வளர்ப்பு ஆய்வு நிலையம் இயங்குகிறது. வேகமாக வளரும், நோயைத் தாங்கும் கொடுவா இனத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியிருக்கிறார்கள். எல்லாம் பாராட்டத் தக்கவை. ஆனால் கடைக்காரர் மொழியில் கேட்டால், அந்த மீன் எங்கே விற்கிறது?

'உள்ளூர் மீன்' என்று நாம் சொல்வதிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. மீன்குஞ்சு பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. தீனி வெளியிலிருந்து வருகிறது. கொடுவாயும் களவாயும் ஊனுண்ணிகள். அவற்றின் தீனிக் குருணையில் மீன்மாவு இருக்கும். அந்த மாவுக்கு எங்கோ ஒரு கடலில், பெரு நாட்டுக் கரையிலோ தென்கிழக்காசிய இழுவலையிலோ, சிறு மீன் அரைபட்டிருக்கும். ஆக 6.1 விழுக்காடு என்று எழுதும் அந்த மீனும் வயிற்றளவில் இறக்குமதிதான். எல்லைகள் மூடிய ஒரு நாளில் அரிசிக் கப்பல் வராமல் நின்றால் தீனிக் கப்பலும் வராது.

இங்கேதான் எனக்கு மடவை மீனும் பால்மீனும் நினைவுக்கு வருகின்றன. இரண்டும் பெரும்பாலும் பாசியையும் அடிமண் சத்தையும் தின்று வளர்பவை. மீன்மாவு அதிகம் கேட்காதவை. இரண்டையும் நம் பண்ணைகள் சில ஏற்கெனவே வளர்க்கின்றன. பால்மீனை இங்கே தேடி வாங்குபவர்கள் பிலிப்பினோக்கள். அவர்களுக்கு அது தேசிய மீன் மாதிரி. மடவையைத் தமிழருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முட்டத்திலிருந்து முல்லைத்தீவு வரை அதைக் குழம்பு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்த ஊரில் பலர். ஆனால் மானிய விண்ணப்பங்களிலும் உணவக அட்டைகளிலும் கொடுவாயே ராஜா. வெள்ளைச் சதை, முள் குறைவு, நல்ல விலை. முள் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக மடவையை ஒதுக்கும் தலைமுறை உருவாகிவிட்டது என்பது உண்மை. முள் நீக்கி விற்பதற்கு ஒரு சிறு கூடம் போட ஆகும் செலவு, எட்டு மாடிப் பண்ணைக்கு ஆனதில் எத்தனை பங்கு இருக்கும்?

இந்தப் பக்கம் எவ்வளவு சீர்திருத்தினாலும் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வரும் என்பது மாறப்போவதில்லை. அதை ஏற்றுக்கொண்டால், வெளியே கடல் எப்படி இருக்கிறது என்பது நம் சமையலறைச் செய்தியாகிவிடும்.

நன்றாக இல்லை. தென்கிழக்காசியாவில் இழுவலை எப்படிப் பாய்ந்தது என்பதற்குப் பாடநூல் உதாரணம் தாய்லாந்து வளைகுடா. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானிய உதவியோடு அங்கே இழுவலை பரவியது. 1961ல் ஒரு மணி நேரம் வலையிழுத்தால் 300 கிலோவுக்கு அருகே மீன் கிடைத்தது. 1990கள் வருவதற்குள் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைப்பதே அரிது. கிடைத்ததிலும் பெரிய மீன் குறைந்து, கோழித்தீனிக்கும் மீன்மாவுக்கும் போகும் பொடிமீன் மிகுந்தது. அதே வலை, அதே வேகம் மலாக்கா நீரிணைக்கும் தென்சீனக் கடலுக்கும் பரவியது. இப்போது நம் சந்தையில் தெங்கிரி சிறுத்து வருவதற்கும், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் வெள்ளை வவ்வாலின் விலை பிடிக்க முடியாமல் ஏறுவதற்கும், பண்டிகைத் தேவை மட்டும் காரணம் அல்ல.

கடல் மெலியும்போது கரைநாடுகள் முதலில் தம் மக்களைப் பார்க்கும். பார்க்கத்தான் வேண்டும். 2014ல் இந்தோனேசியாவில் மீன்வள அமைச்சரான சூசி புஜியாஸ்துத்தி அயல்நாட்டுக் கப்பல்களுக்கு உரிமம் நிறுத்தினார், திருட்டுத்தனமாகப் பிடித்த படகுகளைக் கைப்பற்றி வெடிவைத்து மூழ்கடித்தார். அண்டை நாடுகள் முகம் சுளித்தாலும் அவர் நாட்டு மீனவர்கள் கொண்டாடினார்கள். 2019 ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு மலேசியா கெம்போங், செலார், பெலாலிங், வவ்வால் ஆகியவற்றையும் இறாலையும் ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு விதித்தது. வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக்கரைப் படகுகள் கடலுக்குப் போக முடியாத மாதங்கள் அவை. தம் சந்தையில் விலை ஏறக்கூடாது என்பது அவர்கள் நியாயம். பட்டியலைக் கவனியுங்கள். பணக்கார மீன்கள் பெரும்பாலும் அதில் இல்லை. நாசி லெமாக் மீனும் சம்பால் மீனும்தான் முதலில் நின்றன. மூன்றாண்டு கழித்து, 2022 ஜூனில், கோழிக்கும் அதே கதை நடந்தபோது சிங்கப்பூர் முழுக்கக் கோழிச்சோற்றுக் கவலை பரவியது. செலாருக்கு யாரும் அப்படிக் கவலைப்படவில்லை. சாமானிய மீனுக்குச் சத்தம் குறைவு.

தமிழ்நாட்டில் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவலைத் தடைக்காலம். அங்கே மீன் தின்பவருக்கு அந்தத் தேதிகள் மனப்பாடம். காசிமேட்டில் விலை ஏறும், ஏறுவது ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். சிங்கப்பூரில் நமக்கு அப்படி ஒரு நாட்காட்டி கிடையாது. எந்தக் கடலில் எப்போது குஞ்சு பொரிக்கிறது, எந்தக் கரையில் எப்போது தடை, எந்த மாதம் எந்த மீனை விட்டுவிட வேண்டும் என்று அறியாமலேயே ஆண்டு முழுதும் எல்லா மீனையும் எதிர்பார்க்கிறோம். பனிக்கட்டிமேல் எப்போதும் ஏதோ ஒன்று இருப்பதால் கடலில் ஏதோ குறைகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. மலேசியா தராவிட்டால் வியட்நாம், வியட்நாம் இல்லாவிட்டால் சீனப் பண்ணைப் பொன்வவ்வால், அதுவும் இல்லாவிட்டால் உறைந்த மீன். மூலங்களைப் பெருக்கிக்கொள்வது என்ற இந்தக் கொள்கை நன்றாகவே வேலை செய்கிறது. அந்த வெற்றிதான் நம்மைக் கவனமில்லாதவர்களாகவும் ஆக்கியிருக்கிறது.

1949ல் சோஃபியா ரோட்டில் எம்.ஜே. கோமெஸ் என்ற மலையாளி உணவகக்காரர், வெள்ளைக்காரர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய மீன்தலையைக் குழம்பில் போட்டு ஒரு பதார்த்தத்தையே உருவாக்கினார் என்பார்கள். வீணாகப் போகும் துண்டிலிருந்து பிறந்த அந்தக் குழம்பு, லிட்டில் இந்தியாவில் இன்று சுற்றுலாப் பயணி வரிசையில் நின்று காசு கொடுக்கும் பண்டம். அந்தத் தலைக்குரிய இக்கான் மேரா பெரும்பாலும் இந்தோனேசியக் கடலிலிருந்து வருகிறது. மெதுவாக வளரும் மீன், பல ஆண்டு வாழும் மீன். அப்படிப்பட்ட இனங்களை அளவுக்கு மீறிப் பிடித்தால் மீள நாளாகும். அந்தக் குழம்பை விற்கும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக் கடைக்காரர்களுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. அவர்கள் சங்கம் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

சிங்கப்பூர் உணவு அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் உணவுப் புள்ளிவிவரத்தில் கடலுணவு உற்பத்தி இன்றும் தனி வரியாக வருகிறது. அது போதாது. புரத இலக்கு மீன் இலக்காகப் பிரிய வேண்டும், அது 10 விழுக்காடாக இருந்தாலும் சரி, 8ஆக இருந்தாலும் சரி. முட்டையின் நிழலில் நிற்காமல் தனித்து நின்று தோற்றாலும் தோற்கட்டும். தோற்றால் ஏன் என்று கேட்கவாவது ஆள் இருக்கும். சந்தை மீன்களில் பத்துப் பன்னிரண்டு சாமானிய இனங்களுக்கு எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வருகிறது என்பதும் மாதாமாதம் தெரிய வேண்டும். சுங்கத் தாள்களில் இருக்கும் தகவல்தான் இது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுமில்லை.

நீரிணைத் தண்ணீர் வேறு விவகாரம். அதைச் சிங்கப்பூர் தனியாகச் சரிசெய்யவே முடியாது. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்த சுற்றுச்சூழல் கூட்டுக்குழு ஒன்று பல ஆண்டுகளாகக் கூடுகிறது. நீரின் தரத்தைக் கண்காணிக்கிறார்கள், இரசாயனக் கசிவு நேர்ந்தால் என்ன செய்வது என்று சேர்ந்து பயிற்சி எடுக்கிறார்கள். நுண்பாசியும் கசிவைப்போலவே ஓர் ஆபத்து என்று அந்த மேசையில் எடுத்துக்கொள்ளலாம். பிராணவாயு இறங்கத் தொடங்கும் முதல் இரவிலேயே இரு கரைக்கும் ஒரே எச்சரிக்கை போனால், அந்த ஆறேழு மணி நேரத்தில் கூண்டைச் சுற்றிக் கித்தான் கட்டவும் காற்றூதி போடவும் முடியும். 2014ல் ஜொகூர்க் கரையில் கூண்டு வைத்திருந்தவர்களுக்கும் மீன் செத்துத்தான் மிதந்தது. லோரோங் 8க்கு வந்துசேரும் கொடுவாயில் பெரும்பங்கு அவர்களுடையது.